24 வோல்ட் லோரியிலிருந்து 12 வோல்ட் பேட்டரிக்கு சார்ஜ்: இடையில் என்ன வைப்பது?

5 ஜனவரி 2025, மாலை – ஒரு வாசகரின் கேள்வி

பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து எழுதுகிறேன். தைப்பூசத்துக்கு எங்கள் தண்ணீர்ப் பந்தல் இந்த வருஷம் ஒரு மூன்று டன் லோரியை ஒட்டி நிற்கப்போகிறது. லோரி 24 வோல்ட். விளக்கு, ஆம்பிளிஃபையர் எல்லாம் 12 வோல்ட், அதற்கு 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி) ஈயப் பேட்டரி ஒன்று கையில் இருக்கிறது. ஜெனரேட்டர் சத்தம் வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். லோரி எஞ்சின் ஓடும்போது அதிலிருந்தே இந்தப் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்க முடியுமா? "மெல்லிய வயராகப் போடு லா, வயரே கரண்டைக் குறைத்துவிடும்" என்கிறான் ஒரு நண்பன். இன்னொருவன், "லோரியில் இருப்பதே இரண்டு 12 வோல்ட் பேட்டரிதானே, ஒன்றிலிருந்து எடு" என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

5 ஜனவரி, இரவு

இரண்டும் வேண்டாம் தம்பி. முதலாவதை வேடிக்கைக்குக்கூடச் செய்து பார்க்காதீர்கள்.

எஞ்சின் ஓடும்போது லோரியில் 24 வோல்ட் இருக்காது, 28 இருக்கும். உங்கள் பேட்டரி 12.5. வித்தியாசம் 15.5 வோல்ட். 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் போக மூன்று மீட்டர், வர மூன்று மீட்டர் என்று வைத்தால் அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.14 ஓம். பேட்டரிக்குள்ளே இருப்பது 0.02 ஓம் அளவில்தான். 15.5-ஐ 0.16-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 100 ஆம்பியர். அந்த வயர் தாங்குவது ஆறோ ஏழோ. கரண்டைக் 'குறைத்தது' உண்மைதான், ஆனால் மிஞ்சிய 100 ஆம்பியரும் வயரின் பிளாஸ்டிக்கை உருக்கத்தான் போகும். தடித்த வயர் போட்டால் வயர் பிழைக்கும், பேட்டரி கொதிக்கும்.

வோல்ட் அதிகம் என்பதைப் பார்த்தே எல்லோரும் பயப்படுகிறார்கள். 24-லிருந்து 12-க்கு, 12-லிருந்து 3.7-க்கு, எதிலிருந்து எதற்கு வேண்டுமானாலும் பாதுகாப்பாகச் சார்ஜ் போடலாம். நான் கேட்பது இரண்டுதான்: நடுவில் ஆம்பியரைப் பிடித்து வைப்பது எது? நிரம்பியதும் நிறுத்துவது எது? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் எந்த வயரையும் மாட்டாதீர்கள்.

6 ஜனவரி

இரண்டாவது நண்பர் சொன்னது பற்றி. இது பிறையில் லோரி வயரிங் பார்ப்பவன் என்ற முறையில் தினமும் நான் பார்க்கும் கூத்து. ரேடியோவுக்கு, வாக்கி-டாக்கிக்கு, ஃபோனுக்கு என்று நடுவிலிருந்து 12 வோல்ட்டை உருவிவிடுவார்கள்.

இரண்டு பேட்டரியும் தொடராக, ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஆல்டர்னேட்டர், அதாவது எஞ்சினோடு சுழன்று சார்ஜ் கொடுக்கும் கருவி, பார்ப்பது கூட்டுத்தொகையை மட்டும்தான். கீழ்ப் பேட்டரியிலிருந்து (நெகட்டிவ் சாசியில், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தில் இருப்பது) நீங்கள் உறிஞ்சினால் அது 13-ல் நிற்கும். 28 கணக்காக வேண்டும் என்பதால் மேல் பேட்டரி 15-க்கு ஏறிவிடும். ஒன்று பட்டினி, மற்றொன்று கொதிப்பு. ஆறு மாதத்தில் மேல் பேட்டரியில் தண்ணீர் வற்றியிருக்கும், முதலாளி பேட்டரிக் கடைக்காரரைத் திட்டுவார்.

ஒரு ராத்திரிக்குத்தானே என்று கேட்பீர்கள். எஞ்சினை நிறுத்திய பிறகும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் கீழ்ப் பேட்டரி மட்டும் இறங்கிப்போகும். விடிகாலையில் தண்ணீர்மலைக் கோயில் அடிவாரத்தில் அவ்வளவு கூட்டத்துக்கு நடுவே லோரி ஸ்டார்ட் ஆகாமல் நிற்பதை நினைத்துப் பாருங்கள். இன்னொன்று, தெரியாமல் மேல் பேட்டரியிலிருந்து எடுத்துவிட்டால் உங்கள் நெகட்டிவ் வயர் லோரி சாசியைவிட 12 வோல்ட் மேலே இருக்கும். அந்த நெகட்டிவ் எங்காவது இரும்பில் பட்டால் நேரடி ஷார்ட்.

நடுவிலிருந்து எடுத்தே தீர வேண்டுமென்றால் பேட்டரி ஈக்வலைசர் என்று தனியாக ஒரு பெட்டி உண்டு, இரண்டையும் சமமாக வைத்திருக்கும். பஸ்களில் பார்க்கலாம்.

8 ஜனவரி

புக்கிட் மெர்தாஜாம் பெரியவர் ஒருவர் எழுதியிருக்கிறார்: அந்தக் காலத்தில் தன் அப்பா நடுவில் ஒரு பல்பைத் தொடராக மாட்டித்தான் சார்ஜ் போடுவாராம், எதுவும் வெடிக்கவில்லையாம். ஐயா சொல்வது நடக்கிற காரியம்தான். சிரிக்க ஒன்றுமில்லை.

லோரியின் 24 வோல்ட் 70 வாட் ஹெட்லைட் பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். முழு 24-ல் அது கிட்டத்தட்ட 3 ஆம்பியர் இழுக்கும். நம் கணக்கில் அதன்மேல் விழுவது 15.5 வோல்ட், எனவே 2.2, 2.3 ஆம்பியர் போகும். இழை சூடாகச் சூடாக ரெசிஸ்டன்ஸ் ஏறுவதால் பல்பே கரண்டைப் பிடித்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய வசதி, பேட்டரிப் பக்கம் யாராவது இரண்டு வயரையும் ஒட்டவைத்துவிட்டால்கூட பல்பு பளிச்சென்று எரியும், அவ்வளவுதான். பத்து வெள்ளிக்குள் இவ்வளவு பாதுகாப்பை எந்த எலெக்ட்ரானிக்ஸும் தராது.

12 வோல்ட் பல்பைப் போடாதீர்கள், 15.5 வோல்ட்டில் சீக்கிரம் போய்விடும்.

என் முதல் கேள்விக்குப் பல்பு பதில் சொல்கிறது. இரண்டாவதுக்குச் சொல்வதில்லை. பேட்டரி நிரம்பி 14.4-ஐத் தாண்டினாலும் பல்பு கிட்டத்தட்ட அதே 2 ஆம்பியரைத் தள்ளிக்கொண்டேயிருக்கும். 100 ஏ.எச். பேட்டரிக்கு ஒரு ராத்திரி முழுக்கக் கொடுத்தால் இருபதுக்குச் சற்று மேல் ஏ.எச். ஏறும், பாதி காலியான பேட்டரிக்கு ஆபத்தில்லை. ஆட்டோகேட்டில் (தானாகத் திறக்கும் வாசற்கதவில்) இருக்கும் 7 ஏ.எச். சின்னப் பேட்டரிக்கு இதைச் செய்தால் காலையில் அது வயிறு வீங்கிக் கிடக்கும்.

எஞ்சினை நிறுத்திய பிறகும் பல்பு லோரி பேட்டரியை வடித்துக்கொண்டேயிருக்கும். சாவி திருப்பினால்தான் இணையும்படி ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வையுங்கள். இது பல்புக்கு மட்டுமல்ல, இனிமேல் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

8 ஜனவரி, சற்று நேரம் கழித்து

பல்பு எரியும்போது 35 வாட் சூடு. பந்தல் துணி, மாவிலைத் தோரணம், காகிதப் பூ பக்கத்தில் வைக்கக் கூடாது. ஹெட்லைட் கூட்டிலேயே மாட்டிவிடுங்கள்.

12 ஜனவரி

இப்போது ஸ்டெப்-டவுன் மாட்யூல், அதாவது அதிக வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் பலகை. எக்ஸ்.எல்.4015 சிப் வைத்த பலகை, வோல்ட்டுக்கு ஒரு திருகு, ஆம்பியருக்கு ஒரு திருகு. ஒரு தட்டு நாசி கண்டார் சோற்றைவிட விலை குறைவாகவே கிடைக்கிறது. 5 ஆம்பியர் என்று போட்டிருப்பார்கள், நீங்கள் 3 என்று படியுங்கள். லோரிக் கூண்டுக்குள், நம் ஊர்ச் சூட்டில், ஹீட்சிங்க் இல்லாமல் 5 ஆம்பியர் தள்ளினால் அது அரை மணியில் மூச்சை விடும்.

ரெகுலேட்டர் ஐ.சி. 7812 போட்டால் போதாதா என்று ஒருவர் கேட்டார். 28-ஐ 12 ஆக்க, ஒவ்வொரு ஆம்பியருக்கும் 16 வாட்டைச் சூடாகவே கொட்டும். தவிர 12 வோல்ட்டில் 12 வோல்ட் பேட்டரி நிரம்பாது, 13.8 அளவிலாவது வேண்டும். அதனால் 7812 வேண்டாம்.

செட் செய்யும் முறை: இரண்டு திருகில் ஆம்பியர் திருகை முழுக்கக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். பேட்டரி மாட்டாமல் வோல்ட்டை வையுங்கள். அப்புறம் மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, அவுட்புட்டை மீட்டர் வழியாகவே ஷார்ட் செய்து, ஆம்பியர் திருகை மெதுவாக ஏற்றி 3-ல் நிறுத்துங்கள். அதன் பிறகுதான் பேட்டரி.

வோல்ட் எவ்வளவு? நிரம்பியதும் நீங்களே வந்து கழற்றுவீர்கள் என்றால் 14.4. மாட்டிவிட்டு மறந்துபோகிற ஆள் என்றால் 13.8. பந்தல் வேலையில் யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது, அதனால் 13.8 வையுங்கள்.

அவுட்புட்டில் ஒரு ஷாட்கி டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுவது) தொடராக வேண்டும். அது இல்லாவிட்டால், லோரியை நிறுத்தியதும் உங்கள் பேட்டரி மாட்யூலுக்குள் பின்னோக்கிப் பாயும். சில பலகைகள் அதிலேயே செத்துப்போகும், சாகாதவை பேட்டரியை ராத்திரி முழுக்க வடிக்கும். 3 ஆம்பியருக்கு 5 ஆம்பியர் டயோடு போடுங்கள். டயோடில் 0.3, 0.4 வோல்ட் போய்விடும் என்பதால் வோல்ட்டை டயோடுக்குப் பிறகு அளந்து வைக்க வேண்டும். வெறும் முனையில் அளந்தால் மீட்டர் ஏமாற்றும். ஒரு சின்ன இண்டிகேட்டர் பல்பை மாட்டி அது எரியும்போது அளவெடுங்கள்.

14 ஜனவரி, பொங்கல்

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து. ஒருவர் டயோடை இன்புட் பக்கம் வைத்தால் வோல்ட் சுத்தமாக வருமே என்கிறார். வரும். ஆனால் பலகையில் உள்ள குட்டி விளக்கும் மற்றவையும் உங்கள் பேட்டரியிலிருந்தே சில மில்லி ஆம்பியரைத் தின்றுகொண்டிருக்கும். ராத்திரி கழற்றி வைக்கிறவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. வாரக்கணக்கில் மாட்டியே கிடந்தால் அவுட்புட் பக்கம்தான் நல்லது. அவர் சொன்னதையும் தள்ளிவிட மனமில்லை, இரண்டு விதமும் பட்டறையில் செய்து கொடுத்திருக்கிறேன்.

19 ஜனவரி

ஜெலுத்தோங் தம்பி மாட்யூல் வாங்கிச் சோதனை போட்டிருக்கிறார். அவர் எழுதியது: "அண்ணே, மேசைமேல் வைத்தால் 3 ஆம்பியர் சரியாக நிற்கிறது. லோரியில் மாட்டினால் ஆம்பியர் திருகு வேலையே செய்யவில்லை. மாட்யூல் தொட முடியாத சூடு. மாட்யூல் கெட்டதா?"

மாட்யூல் நல்ல மாட்யூல். உங்கள் 12 வோல்ட் நெகட்டிவ் லோரி சாசியில் எங்கோ தொடுகிறது. தேடிப் பாருங்கள்.

19 ஜனவரி, இரவு

தொடவில்லை என்கிறார். பேட்டரி பிளாஸ்டிக் தட்டில் இருக்கிறதாம், ஆம்பிளிஃபையர் பலகையில் இருக்கிறதாம். சரி, விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி-பதிலில் உருப்படியாக ஒன்றே ஒன்றைப் படிப்பதென்றால் அது இதுவாக இருக்கட்டும்.

இந்த மலிவு பலகைகள் ஆம்பியரை எப்படி அளக்கின்றன? இன்புட் நெகட்டிவுக்கும் அவுட்புட் நெகட்டிவுக்கும் நடுவே ஒரு சின்னக் கறுப்பு ரெசிஸ்டர் இருக்கும், மேலே 'ஆர்050' என்று எழுதியிருக்கும். அதாவது 0.05 ஓம். பேட்டரிக்குப் போன கரண்ட் திரும்பி வரும்போது அதன் வழியாக வரும். அதில் விழும் வோல்ட்டை அளந்துதான் பலகை "3 ஆம்பியர் ஆகிவிட்டது, போதும்" என்று பிடிக்கிறது. மேசைமேல் எல்லாக் கரண்டும் அந்த வழியாகத்தான் திரும்ப முடியும்.

லோரியில் இன்புட் நெகட்டிவ் என்பதே சாசி. அவுட்புட் நெகட்டிவும் எப்படியோ சாசியோடு சேர்ந்துவிட்டால், கரண்ட் அந்த ரெசிஸ்டரை விட்டுவிட்டுத் தடித்த இரும்பு வழியாகத் திரும்பிப் போய்விடும். பலகையின் கண்ணுக்கு அரை ஆம்பியர்தான் தெரியும். "இன்னும் கொடுக்கலாமே" என்று தன்னால் முடிந்த மட்டும் தள்ளும். காலியான பேட்டரி வாங்கிக்கொண்டே இருக்கும். வோல்ட் திருகு ஒழுங்காக வேலை செய்வதால் மீட்டரில் எதுவும் தப்பாகத் தெரியாது. இதுதான் இதில் உள்ள விஷம்.

சாதாரண மீட்டரின் ஓம் அளவில் 0.05 தெரியாது, வயரின் ரெசிஸ்டன்ஸே அதைவிட அதிகம். கண்ணால் பாருங்கள், அந்த ரெசிஸ்டர் எந்தத் தடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று.

இப்போது தம்பிக்கு ஒரு கேள்வி: பாட்டு எங்கிருந்து வருகிறது? ஃபோனிலிருந்து ஆக்ஸ் வயரா (பாட்டைக் கொண்டுபோகும் வயர்)? ஃபோன் எங்கே சார்ஜ் ஆகிறது?

20 ஜனவரி

கண்டுபிடித்துவிட்டார். ஃபோன் லோரியின் லைட்டர் துளையில் சார்ஜ் ஆகிறது. அந்த யூ.எஸ்.பி. சார்ஜரின் நெகட்டிவ் சாசிதான். ஃபோனிலிருந்து ஆக்ஸ் வயர் ஆம்பிளிஃபையருக்கு, ஆம்பிளிஃபையரின் நெகட்டிவ் 12 வோல்ட் பேட்டரிக்கு. தலைமுடி மாதிரி இருக்கும் அந்த ஆக்ஸ் வயரின் வெளிச்சுற்று வழியாகச் சார்ஜ் கரண்டின் ஒரு பெரும்பங்கு திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. பாட்டில் ஒரே 'ஙொய்' என்று இரைச்சல் கேட்டதாம், அதை ஸ்பீக்கர் கோளாறு என்று நினைத்திருக்கிறார்கள். நல்ல வேளை, ஃபோன் பிழைத்தது.

இதற்கு வழி மூன்று. ஃபோனுக்கு 12 வோல்ட் பக்கமே சார்ஜ் கொடுப்பது, அல்லது புளூடூத் வைப்பது. இரண்டிலும் நெகட்டிவ் தனியாக நிற்கும். இரண்டாவது, இன்புட்டும் அவுட்புட்டும் முற்றிலும் பிரிந்த ஐசோலேட்டட் கன்வெர்ட்டர். மூன்றாவது, வண்டிக்கென்றே செய்த டி.சி.-டு-டி.சி. சார்ஜர். விக்ட்ரான் ஓரையன் போன்றவற்றில் 24-க்கு 12 வகையே உண்டு, நிரம்பியதும் தானே குறைந்த வோல்ட்டுக்கு இறங்கிக்கொள்ளும், எஞ்சின் நின்றதையும் கண்டுகொள்ளும். விலையைக் கேட்டால் பந்தல் கமிட்டி மயங்கி விழும்.

21 ஜனவரி

"லோரிக் கடைகளில் 24-டு-12 என்று அலுமினியப் பெட்டி கிடைக்கிறதே, 13.8 வோல்ட், 20 ஆம்பியர்?" அது ரேடியோவுக்கான சப்ளை, சார்ஜர் இல்லை. காலியான பேட்டரியை மாட்டினால் முழு ஆம்பியரும் ஒரே இழுப்பில் போகும். சிலது பாதுகாப்பில் நின்று, மீண்டும் எழுந்து, மீண்டும் நின்று துடித்துக்கொண்டிருக்கும். சிலது ஃபியூஸை ஊதும். நடுவில் அரை ஓம் அளவில் ஒரு பெரிய வயர்-வவுண்ட் ரெசிஸ்டர் வைத்தால் அடங்கும். விளக்கை மட்டும் அதில் எரிப்பதென்றால் பிரச்சினையே இல்லை.

25 ஜனவரி

பாயான் பாரு பக்கம் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கடை போடும் அண்ணன் ஒருவர் மடக்குகிறார்: "என் சோலார் தகடு வெயிலில் 21 வோல்ட் காட்டுகிறது. அதை நேராக 12 வோல்ட் பேட்டரியில்தான் மாட்டியிருக்கிறேன். 100 ஆம்பியர் எங்கே போனது?"

நல்ல கேள்வி. லோரி பேட்டரி கேட்டால் கேட்ட அளவுக்கு ஆம்பியரைக் கொட்டும். சோலார் தகடு சின்னக் குழாய் மாதிரி, நீங்கள் எவ்வளவு திறந்தாலும் அதற்குமேல் வராது. 100 வாட் தகட்டின் இரண்டு முனையையும் ஷார்ட் செய்தாலே 6 ஆம்பியர் அளவுதான். பேட்டரியில் மாட்டியதும் தகட்டின் வோல்ட் தானே இறங்கி 13-ல் உட்கார்ந்துவிடும். எனவே முதல் கேள்விக்குத் தகடே பதில். இரண்டாவதுக்கு இங்கேயும் பதில் இல்லை, நிரம்பிய பிறகும் 6 ஆம்பியர் கொதிக்கவைக்கும். தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவில், நிரம்பியதும் நிறுத்தும் சார்ஜ் கண்ட்ரோலர் வையுங்கள் அண்ணே. கண்ட்ரோலரில் முதலில் பேட்டரியை மாட்டிவிட்டுத் தகட்டைப் பிறகு மாட்ட வேண்டும், கழற்றும்போது தலைகீழ்.

வீட்டுக்கூரையில் போடும் 30 வோல்ட்டுக்கு மேல் வரும் தகடு என்றால் சாதாரண பி.டபிள்யூ.எம். கண்ட்ரோலரில் பாதிக்கு மேல் வாட் வீணாகும். அதற்கு எம்.பி.பி.டி. வகைக் கண்ட்ரோலர்தான் சரி. அதன் உள்ளேயும் இதே ஸ்டெப்-டவுன் சமாச்சாரம்தான்.

27 ஜனவரி

லித்தியம் பற்றி ஓர் அக்கா கேட்டிருக்கிறார், தம்பியின் காவடிக்கு எல்.இ.டி. விளக்கு வைக்கிறாராம், 18650 செல் (உருளை வடிவ லித்தியம் செல்), கார் பேட்டரியிலிருந்து சார்ஜ்.

அக்கா, இதில் பல்பு வித்தை வேண்டவே வேண்டாம். ஈயப் பேட்டரி அரை வோல்ட் தப்பை மன்னிக்கும். லித்தியம் செல்லுக்கு 4.2 வோல்ட்தான், 0.05-க்கு மேல் கூடக் கூடாது. நிரம்பிய பிறகு லேசாகச் சார்ஜ் கொடுத்துக்கொண்டிருக்கவும் கூடாது, முழுக்க நிறுத்த வேண்டும். எளிய வழி: 12-ஐ 5 ஆக்க ஒரு கார் யூ.எஸ்.பி. சார்ஜர், அதன் பிறகு டி.பி.4056 என்ற குட்டிப் பலகை. ஒரு செல்லுக்கு ஒரு பலகை. 4.2 வந்து, கரண்ட் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும் அதுவே நிறுத்திவிடும், விளக்கு நிறம் மாறும். அந்தப் பலகைக்கு நேராக 12 வோல்ட் கொடுத்தால் சிப் புகைந்துவிடும், அதன் எல்லை 8 வோல்ட்.

"12 வோல்ட் லித்தியம்" என்று கடையில் ஒரே பெயரில் இரண்டு சாமான் விற்கிறார்கள். மூன்று செல் வகைக்கு முழு அளவு 12.6. நான்கு செல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு 14.6. முதல் வகைக்கு ஈயப் பேட்டரியின் 14.4-ஐக் கொடுத்தால் செல்லுக்கு 4.8 வோல்ட். உள்ளே இருக்கும் பாதுகாப்புப் பலகை மட்டும்தான் நெருப்புக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்கும். அதை நம்பிச் சார்ஜ் போடாதீர்கள். காவடியில் மயிலிறகு, காய்ந்த பூ, பக்கத்திலேயே கற்பூரம். வீட்டில் சார்ஜ் போட்டு முடித்துவிட்டு மாட்டுங்கள். வீங்கிய செல்லைத் தூக்கியெறியுங்கள், குப்பைத் தொட்டியில் இல்லை, மின்கழிவு வாங்குமிடத்தில்.

28 ஜனவரி

நாளை சீனப் புத்தாண்டு, பட்டறை மூடல், எனவே நேரம் இருக்கிறது. விட்டுப்போனவை.

மேலே சொன்ன 14.4, 13.8 எல்லாம் 25 டிகிரிக்கான எண்கள். லோரித் தட்டுக்கு அடியில் மத்தியானம் 40 டிகிரி. டிகிரிக்கு 18 மில்லிவோல்ட் வீதம் குறைக்க வேண்டும், 15 டிகிரிக்குக் கால் வோல்ட்டுக்கு மேலே. ஆக நம் ஊரில் 14.1-ம் 13.5-ம் போதும். பெட்டிக்குப் பின்னால் அச்சடித்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்களின் பேட்டரிதான் இங்கே சீக்கிரம் வற்றுகிறது.

சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறியில் வெடிக்கும். அழகுக்காகப் பேட்டரியைப் பெட்டியில் அடைத்து மேலே பூத்தட்டை வைக்காதீர்கள்.

ஃபியூஸ் இரண்டு வேண்டும், ஒன்று லோரி பேட்டரியின் பாசிட்டிவுக்கு அருகே, ஒன்று உங்கள் பேட்டரியின் பாசிட்டிவுக்கு அருகே. வயர் நடுவில் நசுங்கினால் இரண்டு பக்கத்திலிருந்தும் கரண்ட் வரும். முக்கால்வாசிப் பேர் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள்.

எஞ்சின் ஓடும்போது லோரியின் பேட்டரி கிளாம்ப் கழன்றால் ஆல்டர்னேட்டர் ஒரு கணம் நூறு வோல்ட்டுக்கும் மேலே துள்ளும். 36 வோல்ட் எல்லை கொண்ட மாட்யூல் அதில் பிழைக்காது. கிளாம்பை இறுக்குங்கள், இன்புட்டில் இந்தத் துள்ளலை விழுங்கும் டி.வி.எஸ். டயோடு ஒன்று போடுங்கள்.

30 ஜனவரி

ராத்திரி படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். தம்பி, உங்கள் விளக்கு 60 வாட், 5 ஆம்பியர். ஆம்பிளிஃபையர் பாட்டோடு சராசரி 8 ஆம்பியர் என்று வைப்போம். செலவு 13. மாட்யூல் கொடுப்பது 3. பேட்டரி எப்படியும் இறங்கிக்கொண்டுதான் போகும், சற்று மெதுவாக. ஈயப் பேட்டரியில் பாதியைத்தான் தொடலாம், அதாவது 50 ஏ.எச்., ஐந்து மணி நேரம். இவ்வளவு நாள் எப்படிச் சார்ஜ் போடுவது என்று பேசிவிட்டோம், போட வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

விளக்குக்கு 24 வோல்ட் எல்.இ.டி. பட்டை கிடைக்கிறது. அதை லோரியிலேயே நேராக எரிக்கலாம், மாற்றமே வேண்டாம். ஆம்பிளிஃபையருக்கு மட்டும் 12 வோல்ட் பேட்டரி இரண்டு, முந்தின நாளே வீட்டில் சாதாரணச் சார்ஜரில் நிரப்பிக் கொண்டுவாருங்கள். விடிய விடிய லோரி எஞ்சினை ஓடவிட்டால் பக்தர்களுக்குப் புகை, உங்களுக்கு டீசல் செலவு.

31 ஜனவரி

ஒருவர் சரியாகப் பிடித்தார்: எஞ்சின் ஓடினால் 28 வோல்ட், 24 வோல்ட் பட்டை அதைத் தாங்குமா? தாங்கும், ஆனால் ஆம்பியர் நிறைய கூடிச் சூடாகி ஆயுள் குறையும். தொடராக ஐந்து சாதாரண சிலிக்கான் டயோடு போட்டால் மூன்றரை வோல்ட் குறையும். 2.5 ஆம்பியரில் மொத்தம் 9 வாட் சூடு, பரவலாக வைத்தால் போதும். 3 ஆம்பியர் டயோடு வாங்குங்கள், விலை சில்லறைக் காசு. மீட்டரை வைத்துப் பட்டையின் முனையில் அளந்து பார்த்துவிட்டு விடுங்கள்.

16 பிப்ரவரி

தைப்பூசம் முடிந்து ஜெலுத்தோங் தம்பி எழுதியிருக்கிறார். 24 வோல்ட் பட்டை, ஐந்து டயோடு, ஆம்பிளிஃபையருக்கு இரண்டு பேட்டரி. மாட்யூலை ஃபோன் சார்ஜுக்கு மாற்றிவிட்டார்களாம். ரோஸ் சிரப் பாத்திரம் வயர்மேல் கவிழ்ந்தபோது ஃபியூஸ் ஒன்று போனது, வேறொன்றும் ஆகவில்லை. பானகம் பரிமாறுகிற இடத்துக்கு மேலேதான் வயர் போக வேண்டும் என்று இனி யாராவது சொல்லித்தர வேண்டும்.

17 பிப்ரவரி

இன்னொருவர் கேட்கிறார்: ஆம்பியரை அளந்த பிறகு மீட்டரில் வோல்ட் பார்த்தபோது பட்டென்று பொறி வந்து மீட்டர் செத்துவிட்டது, ஏன்? சிவப்பு வயர் இன்னும் 10 ஆம்பியர் துளையிலேயே இருந்திருக்கும். அந்தத் துளையில் மீட்டர் வெறும் வயர்தான், நேராகப் பேட்டரியை ஷார்ட் செய்திருக்கிறீர்கள். பின்மூடியைக் கழற்றுங்கள், உள்ளே ஒரு ஃபியூஸ் போயிருக்கும். அதே அளவு, அதே வகைப் பீங்கான் ஃபியூஸ் வாங்கிப் போடுங்கள், வெள்ளிக் காகிதம் சுற்றாதீர்கள். மலிவு மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே இருக்காது, 'அன்ஃபியூஸ்டு' என்று பக்கத்தில் எழுதியிருக்கும். அப்படியென்றால் பலகையில் தடம் எரிந்திருக்கிறதா என்று பாருங்கள், எரிந்திருந்தால் புது மீட்டர்தான்.